ரப்பர் தளிர்க்கும் முன் கூட்டம் நிறைய வேண்டும்: குமரி மாவட்ட வீட்டு விளையில் தேனீ வளர்க்க முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம், திருவட்டாறு வட்டாரங்களில் வீட்டைச் சுற்றி இருபது முப்பது சென்ட் விளையும் (தோட்ட நிலமும்), கூப்பிடு தூரத்தில் ரப்பர் தோட்டமும் உள்ள எவரும் இரண்டு மூன்று தேனீப் பெட்டிகளை வைத்து வளர்க்க முடியும். இந்த வழிகாட்டி பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீக்கு உரியது. பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டுவதால் இதை அடுக்குத் தேனீ என்றும் சொல்கிறோம். மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க இயலாது. கொசுத்தேனீக்கு வேறு வகைப் பெட்டியும் வேறு முறையும் தேவை.

புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் மாசி மாதத்தில் பக்கத்து வீட்டில் தேன் எடுப்பதைப் பார்த்துவிட்டு அந்த வாரமே பெட்டி வாங்குகிறார்கள். அப்போது கூட்டத்தின் விலை அதிகம். வாங்கிய கூட்டம் புது இடத்துக்குப் பழகி முடிப்பதற்குள் தேன் வரத்து ஓய்ந்துவிடுகிறது. அடுத்து வருவது இடவப்பாதி மழை எனப்படும் தென்மேற்குப் பருவமழை. தேனைப் பார்க்காமலே அந்தக் கூட்டம் ஆடியில் பெட்டியை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே எதை எப்போது செய்வது என்ற ஒழுங்கையே இங்கே முதன்மையாக எழுதுகிறேன்.

1. ஆண்டுக் கணக்கை முதலில் மனத்தில் வாங்குங்கள்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. தேனீயின் ஆண்டும் இந்த இரு மழைகளை ஒட்டியே அமைகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பஞ்சகாலம். மழையில் தேனீக்கள் வெளியே போக முடியாது. போனாலும் பூக்களில் அதிகம் கிடைக்காது. அக்டோபரில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும்போது தென்னம்பாளை, கமுகம்பாளை, தொட்டாற்சுருங்கி, வேலியோரச் செடிகள் ஆகியவற்றிலிருந்து மகரந்தம் தாராளமாக வந்து, ராணி முட்டையிடுவது கூடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டம் பெருகும் காலம். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் ஜனவரி இறுதி தொடங்கி ஏப்ரல் வரை தேன் காலம்.

ரப்பர்த் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. ரப்பரின் மூன்று சிற்றிலைகளும் காம்பின் நுனியில் சேருமிடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. செம்பு நிறத் தளிர் வெளிர்பச்சைக்கு மாறும் நாட்களில் அவற்றில் இனிப்பு நீர் துளித்து நிற்கும். தளிர்க் காம்பு ஒன்றைத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தால் அந்தத் துளியைக் கண்ணாலேயே காணலாம். விரலில் தொட்டால் ஒட்டும். இலை முற்றிக் கரும்பச்சையானதும் சுரப்பு நின்றுவிடும். ஒரு தோட்டத்தில் இது சில வாரங்களே நீடிக்கும் என்பதால், அந்த வாரங்கள் தொடங்கும்போதே வெளியே சென்று சேகரிக்கும் வயதுடைய தேனீக்கள் பெட்டியில் ஆயிரக்கணக்கில் இருந்தாக வேண்டும். பின்வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு தேவையைக் கருதியே அமைந்தவை.

2. கூட்டம் வருமுன் இடமும் தாங்கியும் தயாராக இருக்க வேண்டும்

செப்டம்பரிலேயே இடத்தை முடிவு செய்யுங்கள். காலை வெயில் படுவதும் நண்பகலில் நிழல் கிடைப்பதுமான இடமே ஏற்றது. தென்னைக்கு அடியில் வைக்கலாம். ஆனால் மட்டையோ தேங்காயோ நேராக விழும் இடமாக அது இருக்கக் கூடாது. வாசல் கிழக்கு அல்லது தென்கிழக்கு நோக்கி இருந்தால் காலையில் தேனீக்கள் விரைவாக வேலைக்குக் கிளம்பும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் உள்ளவர்கள் கணவாய்க் காற்று வாசலில் நேராக அடிக்காதவாறு திருப்பி வைக்க வேண்டும். மாவட்டத்தின் அந்தப் பகுதியில் ரப்பர் குறைவு என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

வாசலுக்கு முன்னால் ஆள் நடக்கும் பாதை, மாட்டுத் தொழுவம், இரவில் எரியும் விளக்கு ஆகியவை இருக்கக் கூடாது. விளக்கொளி தேனீக்களை இரவில் வெளியே இழுக்கும், வந்தவை திரும்புவதில்லை. இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி விடுங்கள். நெருக்கி வைத்தால் தேனீக்கள் பெட்டி மாறிப் போகும். பஞ்சகாலத்தில் வலுத்த கூட்டம் மெலிந்த கூட்டத்தைக் கொள்ளையடிக்கும்.

தாங்கி ஏறத்தாழ முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கட்டும். இரும்புக் குழாய், கல்தூண், மரக்கால் எதுவானாலும் சரி. எறும்புத் தடை மட்டும் கட்டாயம் வேண்டும். காலைச் சுற்றி ஒரு கிண்ணம் அமைத்து நீர் அல்லது பழைய எண்ணெய் ஊற்றி வைப்பதே இங்குள்ள வழக்கம். புதியவர்கள் கிண்ணத்தை வைத்துவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். நீர் வற்றிய ஒரே இரவில் எறும்புப் படை ஏறினால் மறுநாள் பெட்டி காலியாக இருக்கும். மேலே தொங்கும் ஒரு கொப்பு பெட்டியைத் தொட்டாலும் முசுறு அதன் வழியே இறங்கிவிடும். எனவே சுற்றியுள்ள கொப்புகளை வெட்டி விலக்குங்கள்.

3. பெட்டி: அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள்

அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, உள்மூடி, மேல்மூடி ஆகியவை பெட்டியின் உறுப்புகள். தேனீக்கள் அடை கட்டுவதற்கான மரச் சட்டங்கள் இந்த அறைகளுக்குள் தொங்கும். புழு அறையில் ராணி முட்டையிட்டுக் குஞ்சு வளரும். அதற்கு மேலே வைக்கும் உயரம் குறைந்த தேன் அறையில் நமக்குரிய தேன் சேரும். நியூட்டன் வகைப் பெட்டியில் புழு அறைச் சட்டத்தின் உள்ளளவு ஏறத்தாழ 20 செ.மீ. நீளமும் 14 செ.மீ. உயரமும் இருக்கும், தேன் அறைச் சட்டம் அதே நீளமும் 6 செ.மீ. அளவு உயரமும் உடையது. உள்ளூர்ப் பெட்டிகளின் அளவு இதிலிருந்து சற்று மாறுபடுவது உண்டு. எந்த வகையை வாங்கினாலும் உங்கள் விளையில் உள்ள பெட்டிகள் அனைத்தும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு பெட்டியின் சட்டம் மற்றொன்றில் பொருந்தாவிட்டால் கூட்டத்தைப் பிரிக்கவோ இணைக்கவோ முடியாது.

வீட்டிலேயே செய்பவர்களும் ஆசாரியிடம் சொல்லிச் செய்விப்பவர்களும் கவனிக்க வேண்டிய அளவு இடைவெளிதான். சட்டத்துக்கும் பக்கப் பலகைக்கும் இடையே 7 முதல் 8 மி.மீ. இடம் இருக்க வேண்டும். இது தேனீ நடந்து செல்லும் வழி. இதைவிடக் கூடினால் அந்த வெளியிலும் அடை கட்டிச் சட்டத்தைப் பலகையோடு ஒட்டிவிடும். குறைந்தால் தேனீ நுழைய முடியாத அந்த இடுக்கில் அந்துப்பூச்சி குடியேறும். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடு வரை ஏறத்தாழ 31 மி.மீ. இருக்கட்டும்.

அயனி, தேக்கு, பதப்படுத்திய ரப்பர் மரம் ஆகியவற்றில் செய்யலாம். பச்சை மரம் காய்ந்ததும் வளைந்து இடைவெளி மாறிவிடும் என்பதால் நன்றாக உலர்ந்த பலகையே வேண்டும். சாயம் பூசுவதானால் வெளிப்புறம் மட்டும் பூசி, வாடை முற்றும் போகும் வரை வெளியில் காய விடுங்கள்.

புகைப்பான், முகவலை, மெல்லிய கத்தி, சட்டங்களைச் சுழற்றித் தேன் எடுக்கும் கருவி ஆகியவற்றில் முதல் மூன்றையும் கூட்டம் வாங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். தேன் எடுக்கும் கருவியை முதலாண்டில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

4. கூட்டத்தைப் பெறுதல்

அக்டோபர் தொடக்கமே கூட்டம் வாங்கச் சிறந்த காலம். தேனீ வளர்ப்போரிடம் வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாசலில் தேனீக்கள் திரளாகப் போய்வருவதை மட்டும் பார்த்து வாங்குவது போதாது. நான்கு சட்டங்களிலாவது அடை நிறைந்து, தேனீக்கள் இருபுறமும் மூடி நிற்க வேண்டும். அடையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் அதன் சிறு அறைகளின் அடியில் வெண்ணிற முட்டைகள் தெரிய வேண்டும். அறைக்கு ஒரு முட்டை நிமிர்ந்து நின்றால் ராணி அண்மையில் இட்டது என்று பொருள். ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாக இருந்தால் ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடுகின்றன. அந்தக் கூட்டத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

குஞ்சு அடையையும் பாருங்கள். மூடி திறந்த அறைகளில் புழு தலை தூக்கியபடி செத்துக் கிடந்து, எடுத்தால் நீர் நிறைந்த பை போலத் தொங்கினால் அது பைக்குஞ்சு நோய். வைரசால் வரும் இந்த நோய்க்கு மருந்து இல்லை. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது இதுவே. அத்தகைய ஒரு பெட்டி இருக்கும் இடத்திலிருந்து நல்ல பெட்டியையும் வாங்காமல் இருப்பது அறிவுடைமை.

பொந்திலோ சுவரிலோ உள்ள கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றுபவர்கள் மழையில்லாத மாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். லேசாகப் புகை காட்டி அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, குஞ்சு உள்ள பகுதியை மட்டும் சட்ட அளவுக்கு வெட்டி, வாழை நாரால் சட்டத்தோடு கட்டுங்கள். பொந்தில் மேற்புறமாக இருந்த விளிம்பு சட்டத்திலும் மேற்புறமாகவே இருக்க வேண்டும். அறைகள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து அமைந்தவை. தலைகீழாகக் கட்டினால் உள்ளிருப்பது வடியும். தேன் உள்ள அடையைக் கட்டாதீர்கள். கசிந்த தேன் வாடை எறும்பையும் பிற கூட்டத்துத் தேனீக்களையும் வரவழைக்கும்.

அடைகளைப் பெட்டியில் வைத்தபின், பொந்தில் மிஞ்சிய தேனீக்களைக் கையாலோ அகப்பையாலோ மெல்ல அள்ளிப் பெட்டிக்குள் விடுங்கள். ராணி உள்ளே போய்விட்டால் மற்றவை தாமாகவே வாசல் வழியே அணிவகுத்து நுழையும். நுழைந்தவையே மீண்டும் வெளியேறிப் பொந்தில் கூடினால் ராணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இருட்டிய பிறகு வாசலை அடைத்துப் பெட்டியை உரிய இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

பிளாஸ்டிக் கயிற்றால் கட்டக் கூடாது. அடையைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டி முடித்ததும் தேனீக்கள் வாழை நாரைக் கடித்துத் துண்டு துண்டாக வாசல் வழியே வெளியே இழுத்துப் போடும். சில நாட்களில் பெட்டியின் முன் நார்த் துணுக்குகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தால், திறந்து பார்க்காமலே அடை பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

5. முதல் இரண்டு வாரங்கள்

முதல் நாள் மாலையே சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர். கொதிக்க வைத்து ஆறிய நீரில் கரைத்தால் போதும். சிரட்டையில் ஏறத்தாழ 200 மி.லி. ஊற்றி, தேனீ மூழ்காமல் நின்று குடிக்க நாலைந்து ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். பகலிலோ பெட்டிக்கு வெளியிலோ வைத்தால் கொள்ளைச் சண்டை மூளும். நாள் முழுதும் வாசலில் கடித்துப் புரண்டு நூற்றுக்கணக்கில் சாகும்.

வாசலில் ராணித் தடுப்புத் தகட்டை ஒரு வாரம் வைக்கலாம். வேலைக்காரத் தேனீ அதன் வழியே போய்வரும், ராணியால் முடியாது. ராணி நின்றால் கூட்டமும் நிற்கும். காலில் மகரந்தப் பொதியோடு தேனீக்கள் நுழையத் தொடங்கியதும் தகட்டை எடுத்துவிடுங்கள். உள்ளே குஞ்சு வளர்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

தினமும் திறந்து பார்க்கும் ஆவலை அடக்குவதே இந்த இரண்டு வாரங்களின் கடினமான வேலை. அடுக்குத் தேனீ தொந்தரவு பொறுக்காது. பிடிக்காவிட்டால் பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும். அதன் பிறகும் வாரத்துக்கு ஒரு முறை போதும். பின்புறமாக நின்று, தேங்காய்த் தும்பு எரியும் புகைப்பானால் இரண்டு மூன்று முறை மட்டும் ஊதி, சட்டத்தை நேராக மேலே தூக்குங்கள். சாய்த்துத் திருப்பினால் புது மெழுகு உடைந்து அடை கீழே விழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் அடிப்பலகையில் உள்ள மெழுகுத் தூளைத் துடைத்தெடுக்க வேண்டும். அந்தத் தூளில்தான் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டு, அதன் புழு அடைக்குள் ஏறி நூலாம்படை போன்ற பாதைகளைப் பின்னுகிறது. தேனீக்கள் மூடாத பழைய அடை ஏதேனும் இருந்தால் உடனே எடுத்து உருக்கிவிடுங்கள்.

கொட்டினால் நகத்தால் சுரண்டிக் கொடுக்கை உடனே எடுங்கள். வேறொருவர் பெட்டியைத் திறக்கும்போது உடனிருந்து, கொட்டு உங்கள் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்பதை முன்னரே அறிந்துகொள்வது நல்லது. மூச்சுத் திணறலோ உடல் முழுதும் தடிப்போ முகவீக்கமோ வந்தால் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

6. கூட்டம் பிரித்தல்: நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

நவம்பர் வாக்கில் நல்ல கூட்டம் புழு அறையை நிரப்பிவிடும். முதலில் கறுத்துத் தடித்த ஆண் தேனீக்கள் தோன்றும். பிறகு அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போல ராணி அறைகள் தொங்கத் தொடங்கும். இந்த நிலையில் நாம் பிரிக்காவிட்டால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு பறந்துபோய் ஏதோ ஒரு பலாக் கொம்பில் தொங்கும்.

எதுவரை பிரிக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மூடிய ராணி அறையிலிருந்து ராணி வெளிவர ஒரு வாரம் ஆகும். வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு இணைந்து வந்து முட்டையிடத் தொடங்க மேலும் ஒன்றரை வாரம் போகும். அந்த முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறத்தாழ 20 நாட்கள். வெளிவந்த தேனீ உள்வேலைகளை முடித்து, தேன் சேகரிக்கப் பறக்க இன்னும் இரண்டு மூன்று வாரங்கள். கூட்டினால் எட்டு வாரங்கள் வருகின்றன. ஜனவரி இறுதியில் தளிர் விடுமென்றால் நவம்பர் இறுதிக்குள் பிரித்து முடித்திருக்க வேண்டும். டிசம்பர் பாதியில் பிரித்தால் இரண்டு பெட்டிகள் கிடைக்கும். ஆனால் இரண்டிலும் அந்த ஆண்டுத் தேன் பேருக்குத்தான் இருக்கும். எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும் என்ற ஆசையில் புதியவர்கள் அதிகம் இழப்பது இந்தப் படியில்தான்.

பிரிக்கும் முறை இது. மழையில்லாத மாலையில் காலிப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ராணி உள்ள சட்டத்தை முதலில் கண்டுபிடித்து, அதனோடு மூடிய குஞ்சு உள்ள இரண்டு சட்டங்களையும் தேன் உள்ள ஒன்றையும் தேனீக்களோடு புதுப் பெட்டிக்கு மாற்றி, சில மீட்டர் தள்ளி வையுங்கள். ராணி அறை உள்ள சட்டங்கள் பழைய இடத்திலேயே இருக்கட்டும். வெளியே போகும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பும். எனவே புதுப் பெட்டியில் சில நாட்கள் ஆள் குறையும். மூடிய குஞ்சை அதற்குக் கொடுப்பதும் ஒரு வாரம் சர்க்கரைக் கரைசல் வைப்பதும் இதற்காகத்தான்.

பழைய பெட்டியில் நன்கு வளர்ந்த ஒரே ராணி அறையை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளி எடுங்கள். நுனியில் மெழுகு நீங்கிப் பழுப்பு நிறக் கூடு வெளியே தெரிவது முதிர்ந்த அறை. இரண்டு மூன்றை விட்டுவைத்தால் முதலில் வெளிவரும் ராணியோடு கூட்டம் மறுபடியும் பிரிந்து பறந்துவிடும்.

மற்றொரு பிழையையும் சொல்ல வேண்டும். கூட்டம் போய்விடுமோ என்ற அச்சத்தில் கன்னி ராணி உள்ள பெட்டியின் வாசலில் ராணித் தடுப்பை வைத்துவிடுகிறார்கள். அது வெளியே பறந்து இணையாமல் பயனுள்ள முட்டை இட முடியாது; ஆண் தேனீக்கள் மட்டுமே பிறந்து கூட்டம் அழியும். அந்தப் பெட்டியை இரண்டு வாரங்கள் திறக்கவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். பறந்து திரும்பும் ராணி இடத்தை அடையாளம் வைத்தே வருகிறது. மூன்றாவது வாரத்தில் முட்டை இல்லையென்றால் ராணியைப் பஞ்சுருட்டான் போன்ற பறவை கொண்டுபோயிருக்கலாம். அந்தக் கூட்டத்தைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.

7. தேன் அறை ஏற்றுதல்

ஜனவரி தொடங்கியதும் ரப்பர் தோட்டத்தின் பக்கம் ஒரு கண் இருக்கட்டும். இலை உதிர்ந்து மொட்டையான மரங்களில் செந்தளிர் தெரிந்தால் தேன் அறையை ஏற்றும் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன்பே ஏற்றினால் கூட்டம் சூடுகாக்க வேண்டிய இடம் பெருகிக் குஞ்சு வளர்ச்சி குன்றும். இரண்டு வாரம் தாமதித்தால் வரும் தேன் முழுதும் புழு அறையில் நிறைந்து ராணிக்கு முட்டையிட இடமில்லாமல் போகும்.

காலிச் சட்டங்களை மட்டும் வைத்தால் தேனீக்கள் மேலே ஏறத் தயங்கும். புது மெழுகு அடையைக் கீற்றுகளாக வெட்டி இரண்டு சட்டங்களில் வாழை நாரால் கட்டி நடுவில் வையுங்கள். ஏறும் வழி தெரிந்துவிட்டால் மற்றச் சட்டங்களை அவையே கட்டிக்கொள்ளும். முதல் தேன் அறை முக்கால் பங்கு நிறைந்ததும் இரண்டாவதை அதற்கும் புழு அறைக்கும் இடையில் வைக்கலாம்.

தேன் அறை ஏறிய நாளிலிருந்து சர்க்கரைக் கரைசல் ஒரு சொட்டும் கூடாது. கொடுத்தால் அது அப்படியே தேன் அறைக்குப் போகும். நீங்கள் விற்பது தேனாக இருக்காது.

தோட்டக்காரரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். தளிரில் சாம்பல் நோய் வராமலிருக்கக் கந்தகத் தூள் தூவும் வழக்கம் உண்டு. அந்த நாளை முதல் நாளே தெரிந்துகொண்டால், மாலையில் வாசலை வலைத் துணியால் மூடி, மறுநாள் தூள் அடங்கிய பின் திறக்கலாம். நிழலும் காற்றும் இல்லாமல் அடைத்து வைத்தால் உள்ளே வெந்துவிடும் என்பதால் அரைநாளுக்கு மேல் மூடி வைக்க வேண்டாம்.

8. தேன் எடுத்தல்

சட்டத்தின் முக்கால் பங்கு அறைகள் வெண்மெழுகால் மூடப்பட்ட பிறகே எடுக்க வேண்டும். மூடாத தேன் இன்னும் நீர் வற்றாத தேன். ரப்பர்த் தேனில் இயல்பாகவே நீர்ப்பதம் அதிகம். அது 20 விழுக்காட்டைத் தாண்டினால் புளித்து நுரைக்கும். அவசரப்பட்டு எடுத்த தேன் வைகாசியில் புட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்குவதற்கு இதுவே காரணம். நல்ல வரத்து உள்ள காலத்தில் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒரு முறை எடுக்கலாம்.

தேன் அறைச் சட்டங்களை மட்டும் எடுத்து, தேனீக்களைப் பெட்டிக்கு மேலேயே மெல்ல உதறி, கதவும் சன்னலும் மூடிய அறைக்குள் கொண்டுபோங்கள். வெளியில் வைத்து எடுத்தால் சுற்று வட்டாரத் தேனீக்கள் எல்லாம் வந்துவிடும். கத்தியை வெந்நீரில் முக்கி, ஈரம் துடைத்து, மெழுகு மூடியை மெல்லச் சீவுங்கள். கருவியை முதலில் மெதுவாகச் சுற்றி ஒருபுறத் தேன் பாதி வந்ததும் சட்டத்தைத் திருப்பிப் போட்டு மறுபுறம் சுற்றுங்கள். பிறகு இருபுறமும் முழுமையாக எடுக்கலாம். ஒரே புறமாக வேகமாகச் சுற்றினால் மறுபுறத்துத் தேனின் கனத்தால் அடை உடையும். கட்டிய அடை தேனீக்களின் பல நாள் உழைப்பு. உடையாமல் அன்று மாலையே திருப்பி வைத்தால் உடனே அதில் தேன் நிரப்பத் தொடங்கும்.

புழு அறைச் சட்டத்தை ஒருபோதும் கருவியில் இடாதீர்கள். புழுவும் தேனோடு வரும். கூட்டத்தின் மழைக்கால உணவும் போகும்.

எடுத்த தேனை மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரமில்லாத எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கலத்தில் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைத் தேன் உறிஞ்சிக்கொள்ளும். ரப்பர்த் தேன் விரைவில் குருணை கட்டி உறையும். அது கலப்படத்தின் அடையாளமன்று. வாங்குபவர்களிடம் இதை முன்னரே சொல்லி, வெதுவெதுப்பான நீரில் புட்டியை நிறுத்தி வைத்தால் இளகும் என்றும் சொல்லிவிடுங்கள். முதலாண்டில் ஒரு பெட்டிக்கு ஐந்து கிலோ கிடைத்தால் அது நல்ல விளைச்சல்.

ஏப்ரலில் கோடை மழை தொடர்ந்து பெய்யத் தொடங்கினால் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். கடைசித் தேன் அறையில் உள்ளது கூட்டத்துக்கு உரியது.

9. மழைக்காலத்தைக் கடத்துதல்

மே இறுதிக்குள் காலித் தேன் அறைகளை இறக்கிவிடுங்கள். ஆட்கள் குறைந்த கூட்டத்தால் பெரிய இடத்தைக் காவல் காக்க முடியாது. காவல் இல்லாத அடை அந்துப்பூச்சிக்குப் போகும். இறக்கிய நல்ல அடைகளைக் காற்றுப் புகாத உறையில் இறுக மூடி வைத்தால் அடுத்த ஆண்டுக்குப் பயன்படும். புழு அறையிலும் தேனீக்கள் மூடும் அளவுக்கு மட்டும் சட்டங்களை விட்டு, வாசலை இரண்டு மூன்று தேனீக்கள் நுழையும் அகலத்துக்குக் குறையுங்கள். செங்குளவி வந்து வாசலில் காத்து நின்று ஒவ்வொன்றாகக் கவ்விச் செல்வது இந்தக் காலத்தில்தான்.

மேல்மூடிக்கு மேல் தகரமோ ஓலைக் கூரையோ வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். பெட்டி முன்புறமாகச் சற்றே சாய்ந்திருந்தால் உள்ளே புகுந்த நீர் வாசல் வழியே வடியும்.

வாரத்துக்கு ஒரு முறை, மாலையில், சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாலையில் கொடுங்கள். ஒன்றுக்குக் கொடுத்து மற்றொன்றை விட்டால் பசித்த கூட்டம் கொள்ளைக்கு வரும். விலை கருதிக் கருப்பட்டிக் கழிவோ பழைய சர்க்கரைப் பாகோ கொடுப்பவர்கள் உண்டு. அதனால் தேனீக்களுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டு வாசலெங்கும் கறை படியும். வெள்ளைச் சர்க்கரையே போதும்.

ஆகஸ்டில் ஒவ்வொரு பெட்டியையும் எடை போடுவது போல ஆராய்ந்து, இரண்டு சட்டத்துக்கும் குறைவாகத் தேனீ உள்ள கூட்டத்தை அடுத்ததோடு இணைத்துவிடுங்கள். மெலிந்த கூட்டத்தின் ராணியை நீக்கி, இரண்டு பெட்டிகளையும் தினம் ஓர் அடி வீதம் நகர்த்தி அருகருகே கொண்டுவந்து, வலுத்ததன் புழு அறைமேல் ஊசியால் துளையிட்ட செய்தித்தாளை விரித்து, மெலிந்ததன் அறையை மாலையில் அதன்மேல் வைக்க வேண்டும். தாளைக் கடித்து அறுப்பதற்குள் இரண்டின் வாடையும் ஒன்றாகிவிடும், சண்டை வராது. இரண்டு மூன்று நாட்களில் தாள் துணுக்குகள் வாசலில் விழுந்த பிறகு மேலறைச் சட்டங்களைக் கீழே இறக்கி, மிஞ்சிய காலிப் பெட்டியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.